சுவர் தாங்காத கிடங்கு: கிள்ளான் பள்ளத்தாக்கில் தூண்சட்டகக் கட்டடங்களின் வளர்ச்சி, 1857–2001

கூரையின் பாரத்தைச் சுவர் சுமக்காமல் தூண்களே நேராக நிலத்துக்கு இறக்கும் கட்டடத்தைத் தூண்சட்டகக் கட்டடம் எனலாம். அதில் சுவர் வெறும் மறைப்பு. பலகையோ தகரமோ போதும், இல்லாமலும் இருக்கலாம். அமெரிக்காவில் 1930களில் எச். ஹோவர்ட் டோன், பெர்னன் பெர்கின்ஸ் ஆகியோர் மருந்தூட்டிய கம்பங்களை நட்டுப் பண்ணைக் கொட்டகை கட்டும் முறையை வகுத்தனர். அதே தத்துவம் அதற்கு வெகு முன்னரே மலாயாவில் வழக்கில் இருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வணிகக் கிடங்குகள் எப்போது சுவரை நம்பின, எப்போது தூணை நம்பின என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கட்டுமானப் பொருள் கிடைத்த அளவோ சட்டமோ மட்டும் அதைத் தீர்மானிக்கவில்லை. உள்ளே வைக்கப்பட்ட சரக்கின் குணமே முதன்மைக் காரணம் என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

ஈயத்தின் காலம்

1857இல் கிள்ளானின் ஆட்சியாளர் ராஜா அப்துல்லா, மலாக்கா வணிகர்களின் முதலீட்டோடு 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே அம்பாங் பகுதிக்கு அனுப்பினார். வெள்ளீயம் (இக்கட்டுரையில் சுருக்கமாக ஈயம்) தேடிச் சென்ற அந்தப் பயணமே கோலாலம்பூரின் தொடக்கம். அதே காலத்தில் கிள்ளானில் அவர் எழுப்பிய கெடுங் ராஜா அப்துல்லா இன்றும் நிற்கிறது. குடியிருப்பும் கிடங்கும் ஒரே கூரையின் கீழ் அமைந்த கட்டடம் அது. பின்னாளில் காவல் நிலையமாகவும் ஈய அருங்காட்சியகமாகவும் மாறியது.

தடித்த சுவர் கொண்ட அந்த வடிவம் ஈயத்துக்குப் பொருந்தியது. ஒரு டன் ஈயம் 0.14 கன மீட்டருக்குள் அடங்கிவிடும். விசாலமான கூடம் தேவையில்லை. ஈரமோ வெயிலோ அதைக் கெடுப்பதில்லை. ஆபத்து மனிதர்களிடமிருந்தே வந்தது. ஈய வரி யாருக்கு என்ற பூசல் முற்றி, 1867இல் ராஜா அப்துல்லாவின் எதிரியான ராஜா மஹாடி கிள்ளானைக் கைப்பற்றினார். சிலாங்கூர் பல ஆண்டுகள் போரில் மூழ்கியது. அப்படிப்பட்ட ஊரில் கிடங்கு என்பது பூட்டும் சுவரும்தான்.

செங்கல் ஆணையும் அதன் எல்லையும்

கோலாலம்பூர் நகரமோ மரமும் அத்தாப்பு எனும் ஓலைக் கூரையும் கொண்டு வளர்ந்தது. 1881 ஜனவரியில் தீ விபத்தும், அதே ஆண்டு இறுதியில் வெள்ளமும் ஊரைச் சிதைத்தன. 1882இல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், 1884இல் நகரக் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப் பணித்தார். அதனால் எழுந்த தேவையே பிரிக்பீல்ட்சின் சூளைகளை வளர்த்தது.

ஆனால் இந்த மாற்றம் கடைவீதிகளின் மாற்றம். சரக்கு நடமாடிய பாதையில் நிலைமை வேறு. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. ஆற்றைக் கடந்து கிள்ளான் நகருக்குப் போக 1890 வரை பாலமில்லை. ஆகவே சரக்கை இறக்கி, வைத்து, மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது. 1901இல் சதுப்பு நிலத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டபோதும் அதே தேவை பெரிய அளவில் எழுந்தது. இத்தகைய இடங்களில் வேண்டியது அடைப்பன்று. நாலாபுறமும் ஆள் நுழைந்து மூட்டை தூக்கும் திறப்பு. அதற்குத் தூண் போதும்; சுவர் தடை.

ரப்பரும் தகரமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளான் கரையோரம் ரப்பர் தோட்டங்களால் நிரம்பியது. தமிழ்த் தொழிலாளர்கள் வெட்டிய பால், உறையவைத்துத் தகடாக உருட்டப்பட்டு, புகைக் கொட்டகையில் 40 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில நாள் தொங்கியது. பின் நூறு கிலோவுக்கு மேற்பட்ட பேல்களாகக் கட்டப்பட்டது.

ரப்பரின் தேவை ஈயத்துக்கு நேர் எதிரானது. ஒரு டன் ரப்பருக்கு ஈயத்தைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு இடம் வேண்டும். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் பட்டால் பிசுபிசுக்கும். தீப்பிடித்தால் அணைப்பது கடினம். அகலமான கூரை, தடையற்ற தளம், காற்றோட்டம் ஆகிய மூன்றையும் மலிவாகத் தருவது தூண்சட்டகமே. இப்போது பகை மனிதன் அல்ல, வானிலை.

கூரையை அகலமாக்கியது நெளிதகரம். அதற்கு 1829இல் காப்புரிமை பெற்ற ஹென்றி ராபின்சன் பாமர், லண்டன் துறைமுகத்தின் பொறியாளர். அதாவது நெளிதகரம் பிறந்ததே கிடங்குக் கூரைக்காகத்தான். 1837இல் பிரான்சில் ஸ்தானிஸ்லாஸ் சொரெல் துத்தநாகப் பூச்சுக்குக் காப்புரிமை பெற்ற பின், துருவுக்கு அஞ்சாமல் அதை வெப்பமண்டலத்துக்கு ஏற்றுமதி செய்ய முடிந்தது. அத்தாப்பு எளிதில் தீப்பற்றும், சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். தகரம் இரண்டு குறையையும் நீக்கியது. எடை குறைவானதால் தூண்களின் இடைவெளியையும் கூட்ட முடிந்தது.

தூணின் அடி

மரத்தூணின் பலவீனம் அது மண்ணைத் தொடும் இடம். ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் பள்ளத்தாக்கில் அழுகலும் கறையானும் அங்கேதான் தொடங்கும். மலாய்த் தச்சர்கள் தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின் மேல் நிறுத்தினர். கனமரங்களில் செங்கால் முதலிடம் பெற்றது. உலர்ந்த நிலையில் கன மீட்டருக்கு 915 முதல் 980 கிலோ எடை. 1929இல் கெப்போங்கில் தொடங்கிய வன ஆராய்ச்சி நிலையம் மரக்கட்டைகளை மண்ணில் நட்டுச் சோதித்து, பத்தாண்டுக்கு மேல் தாக்குப்பிடிப்பவற்றை மிக உறுதியானவை என வகைப்படுத்தியது. செங்கால் அந்த வகையைச் சேர்ந்தது. இயல்பில் உறுதி குறைந்த கெம்பாஸ், மருந்தை எளிதில் உறிஞ்சுவதால் ரயில் தண்டவாளக் கட்டையாகப் பயன்பட்டது.

கிள்ளான் கரையோரத்தின் மென்களிமண் இன்னொரு சிக்கல். அதில் கனமான செங்கல் சுவர் சீரற்று அமிழ்ந்து வெடிக்கும். தூண்சட்டகத்தில் கூரையின் பாரம் தூணடிகளில் மட்டும் இறங்குகிறது. சரக்கின் பாரத்தைத் தளம் தனியே ஏற்கிறது. தூணடிகளைப் பாக்காவ் எனும் சதுப்புநில மரத்தின் முளைகளால் வலுப்படுத்தினால் போதும். தளம் அமிழ்ந்தாலும் கூரை நிற்கும்.

எஃகும் கொள்கலனும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மரத்தூணின் இடத்தை எஃகுச் சட்டகம் பிடித்தது. நடுத்தூண் இன்றிப் பெரும் அகலத்தை மூட அதனால் இயன்றது. கொள்கையோ மாறவில்லை: பாரம் சட்டகத்தில், தகரம் வெறும் உறை. தீயின்போது மட்டும் வேறுபாடு தெரியும். தடித்த மரம் மேற்புறம் கரிந்து உள்ளே வலுவைக் காக்கும்; காப்பற்ற எஃகு 550 பாகை செல்சியஸ் அளவில் பாதி வலுவை இழக்கும். 1984ஆம் ஆண்டின் சீர்மைக் கட்டடத் துணைவிதிகள் பெருங்கிடங்குகளைத் தீத்தடுப்புப் பகுதிகளாகப் பிரிக்கச் சொல்வதால், கைவிடப்பட்ட சுவர் பிரிப்புச் சுவராகத் திரும்பியது.

1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய போர்ட் சுவெட்டன்ஹாமில், 1973இல் கொள்கலன் கையாளுதல் தொடங்கியது. கப்பலுக்கும் கிடங்குக்கும் இருந்த உடனடி உறவு அதனால் அறுந்தது. கொள்கலனே நகரும் கிடங்கானதால், சரக்கைப் பிரித்து அடுக்கும் வேலை உள்நாட்டுக்கு நகர்ந்தது. ஷா ஆலம், புக்கிட் ராஜா வட்டாரங்களில் முன்னாள் தோட்ட நிலங்களிலேயே எஃகுக் கிடங்குகள் எழுந்தன. அடுக்குத் தட்டும் ஃபோர்க்லிப்டும் வந்த பின் அகலத்தை விட உயரம் முக்கியமானது. பிரிக்பீல்ட்சின் 72 ஏக்கர் ரயில் பணிமுற்றம் இருந்த இடத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது; சரக்கு நகர மையத்தை விட்டு வெளியேறியதன் அடையாளம் அது.

முடிவுரை

ஈயம் சுவரைக் கேட்டது. ரப்பர் கூரையைக் கேட்டது. கொள்கலன் காலச் சரக்கு உயரத்தைக் கேட்கிறது. மரம் எஃகானதும் அத்தாப்பு தகரமானதும் இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள். இன்னொரு விளைவையும் இங்கே குறிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்டவை பெரும்பாலும் சுவருள்ள கட்டடங்கள், அதாவது உரிமையாளரின் கட்டடங்கள். தோட்டத்துப் புகைக் கொட்டகையும் துறைமுகத் தகரக் கூடமும் சட்டகம் பழுதானதும் கழற்றி விற்கப்படக்கூடியவை. அவற்றின் தடம் எளிதில் மறையும். தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு நடந்ததோ அங்கே. எனவே இப்பகுதியின் கட்டட மரபைப் பதிவு செய்வோர், எஞ்சியுள்ள மரத்தூண் கொட்டகைகளை அளந்து வரைபடமாக்குவதைத் தொழிலாளர் வரலாற்றுப் பணியாகவே கருத வேண்டும்.