பிரித்தானிய நகைச்சுவைப் பொதுத் தகவல் படங்கள்

இரண்டாம் உலகப் போரின்போதும் அதைத் தொடர்ந்த பற்றாக்குறை ஆண்டுகளிலும் பிரித்தானிய அரசு தன் குடிமக்களுக்கு அன்றாட நடைமுறைகளை அறிவுறுத்த ஏராளமான குறும்படங்களை எடுத்தது. அவற்றுள் சிரிக்க வைத்தே செய்தியைச் சொன்னவை இவ்வகையைச் சேரும். தும்மும்போது வாயை மூடுவது, குளியல் நீரைக் குறைப்பது, குப்பையைப் பிரித்துக் கொடுப்பது போன்ற சிறு கடமைகளே இவற்றின் பேசுபொருள். மருத்துவராக இருந்து திரைப்படத் துறைக்கு வந்த ரிச்சர்ட் மாசிங்கம் இவ்வகையின் முதன்மைப் படைப்பாளி.

பின்னணி

தொலைக்காட்சி பரவாத அக்காலத்தில் பெருந்திரளான மக்களை ஒரே நேரத்தில் படம் காட்டி எட்டத் திரையரங்கே வழி. 1946இல் மட்டும் பிரித்தானியத் திரையரங்குகளில் ஏறத்தாழ 163 கோடி நுழைவுச்சீட்டுகள் விற்றன. 1940 கோடையிலிருந்து தகவல் அமைச்சகத்தின் ஐந்து நிமிடப் படங்கள் வாரந்தோறும் திரையிடப்பட்டன. 1942இல் அவற்றின் இடத்தில் மாதம் ஒன்றாகப் பதினைந்து நிமிடப் படங்கள் வந்தன. இவற்றைத் தவிர ஓரிரு நிமிடத் துணுக்குப் படங்களும், உணவு அமைச்சகத்தின் சில விநாடி அறிவிப்புகளும் செய்திச் சுருளோடு சேர்த்துக் காட்டப்பட்டன. திரையரங்கு இல்லாத ஊர்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடமாடும் படக்குழுக்கள் சென்றன.

முழுநீளப் படம் பார்க்கக் காசு கொடுத்து வந்தவர்கள் இடையில் வரும் அரசு உபதேசத்தை விரும்பிக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. இந்தச் சிக்கலுக்குக் கண்ட தீர்வுகளுள் ஒன்றுதான் நகைச்சுவை.

போர்க்காலம்

தொடக்கத்தில் அரசு, மக்கள் ஏற்கெனவே அறிந்த நகைச்சுவை நடிகர்களின் துணையை நாடியது. ‘மிஸ்டர் ப்ரௌட்ஃபுட் ஷோஸ் எ லைட்’ (1941) படத்தில் சிட்னி ஹோவர்ட், இருட்டடிப்பு விதியை அலட்சியம் செய்பவராக நடித்தார். டாமி டிரிண்டர் பொது உணவகங்களை அறிமுகப்படுத்தினார். ‘த நோஸ் ஹேஸ் இட்’ (1942) படத்தில் ஆர்தர் ஆஸ்கி தும்மலின் ஆபத்தை விளக்கினார். ஆலைத் தொழிலாளர்கள் பயணம் செய்யும் நேரத்தில் கடைக்குச் செல்வோர் பேருந்துகளை நிரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ‘ரஷ் அவர்’ (1941) படத்தை அந்தோணி ஆஸ்குவித் இயக்கினார்.

அசைவூட்டப் படங்களும் இப்பணியில் இறங்கின. ஹங்கேரியில் பிறந்த ஜான் ஹலாஸும் அவர் மனைவி ஜாய் பேட்செலரும் உருவாக்கிய ‘டஸ்ட்பின் பரேட்’ (1942) படத்தில், வீட்டுக் குப்பையில் கிடக்கும் பொருள்கள் போர்த் தளவாடமாக மாறப் படையில் சேர்கின்றன.

ரிச்சர்ட் மாசிங்கம்

1898இல் பிறந்த மாசிங்கம் லண்டன் காய்ச்சல் மருத்துவமனையில் மூத்த மருத்துவ அலுவலராகப் பணியாற்றினார். பல் மருத்துவரிடம் போகிறவரின் அவதியைக் காட்டும் ‘டெல் மி இஃப் இட் ஹர்ட்ஸ்’ (1934) என்ற படத்தை ஓய்வு நேரத்தில் எடுத்துக் கவனம் பெற்றார். பின்னர் மருத்துவத்தை விட்டுவிட்டு, சொந்த நிறுவனம் தொடங்கி அரசுக்காகப் படங்கள் எடுத்தார்.

பருத்த உடலும் திகைத்த முகமும் கொண்ட மாசிங்கம் பல படங்களில் தாமே நடித்தார். அவர் ஏற்ற பாத்திரம் பெரும்பாலும் பேசாது. கண்ணுக்குத் தெரியாத பின்னணிக் குரல் அதை அதட்டும், திருத்தும், மறுபடி செய்யச் சொல்லும். ‘கஃப்ஸ் அண்ட் ஸ்னீஸஸ்’ (1945) படத்தில் கண்டபடி தும்மும் ஒருவரைப் பிடித்து நிறுத்தும் குரல், கைக்குட்டையை எப்படிப் பயன்படுத்துவது என்று சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் கற்றுக் கொடுக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்த ஐந்து அங்குல நீரில் குளிக்கச் சொன்ன ‘த ஃபைவ் இஞ்ச் பேதர்’ (1942), அந்தக் குளியலின் சங்கடங்களையே வேடிக்கையாக்கியது.

இங்கே கேலிக்கு ஆளாவது எதிரி நாட்டவர் அல்ல. விதியை மறக்கும் சாதாரணக் குடிமகன். ஆனால் அவன் கெட்டவன் அல்ல, அசடு மட்டுமே. கூடவே, ஓயாமல் உத்தரவிடும் அதிகாரக் குரலும் சிரிப்புக்கு உள்ளாகிறது. அரசு தன்னையும் கொஞ்சம் கேலி செய்துகொண்டதால் அறிவுரையின் கசப்பு குறைந்தது.

போருக்குப் பின்

1946 ஏப்ரலில் தகவல் அமைச்சகத்தின் பணிகளை மத்தியத் தகவல் அலுவலகம் ஏற்றது. போர் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. போரின்போது தடையின்றிக் கிடைத்த ரொட்டிக்குக்கூட 1946 முதல் 1948 வரை பங்கீடு இருந்தது. தொழிற்கட்சி அரசின் சீர்திருத்தங்களை விளக்க ஹலாஸ், பேட்செலர் இணை சார்லி என்ற கேலிச்சித்திரக் குடிமகனைப் படைத்தது. ‘யுவர் வெரி குட் ஹெல்த்’ (1948) படத்தில் சைக்கிளில் வரும் சார்லி, புதிய தேசிய நலவாழ்வுச் சேவையைப் பற்றிப் பின்னணிக் குரலோடு வாதாடித் தெளிவு பெறுகிறான்.

எல்லா முயற்சிகளும் வரவேற்புப் பெறவில்லை. மாசிங்கத்தின் ‘வாட் எ லைஃப்!’ (1948) படத்தில், சிக்கன வாழ்வில் மனம் கசந்த இருவர் கடலில் மூழ்கி உயிரை விடப் போகிறார்கள். தண்ணீர் ஆழமில்லாததால் அதுவும் நடக்கவில்லை. கடைசியில் தங்கள் நிலையை எண்ணித் தாங்களே சிரிக்கிறார்கள். இத்தகைய படத்துக்கு மக்கள் வரிப்பணமா என்ற கண்டனம் நாடாளுமன்றம்வரை எழுந்தது.

தாக்கம்

1952இல் அரசின் சொந்தப் படப்பிரிவான கிரவுன் ஃபிலிம் யூனிட் மூடப்பட்டது. 1953இல் மாசிங்கம் காலமானார். ஆயினும் இந்தப் பாணி தொலைக்காட்சிக்கு இடம்பெயர்ந்தது. கடலில் படகு கவிழ்ந்து உதவிக்குக் கையசைப்பவரை வேடிக்கை காட்டுகிறவர் என எண்ணிக்கொள்ளும் ‘ஜோ அண்ட் பெட்டூனியா’ (1968) தம்பதி, மாசிங்கத்தின் அசட்டுக் குடிமகனின் நேர் வாரிசுகள். மத்தியத் தகவல் அலுவலகம் 2012இல் முற்றிலும் கலைக்கப்பட்டது. அது விட்டுச்சென்ற படங்கள் பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் தேசியக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.