மைசூர் வானொலியும் வேலைவாய்ப்பு நீதியும்

மைசூர் மாநகரில் வாழும் நமக்கு இந்நகரின் பெருமைகளை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அரண்மனையும் தசரா விழாவும் சாமுண்டி மலையும் உலகறிந்தவை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் அழைத்துச் சென்று காட்டுவனவும் இவையே. ஆயின் நாம் எவரையும் அழைத்துச் சென்று காட்டாத பெருமை ஒன்றும் இந்நகருக்கு உண்டு. இந்திய வானொலிக்கு இன்று வழங்கும் 'ஆகாசவாணி' என்னும் பெயர் இந்நகரத்து வீடு ஒன்றில் நடந்த நிலையத்தின் வழியே நாட்டுக்கு வந்தது. அவ்வீட்டின் வரலாற்றோடு மற்றொரு வரலாற்றையும் சேர்த்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பொது நிறுவனங்களில் வேலை யாருக்குக் கிடைத்தல் வேண்டும், அது எவ்வாறு கிடைத்தல் வேண்டும் என்று இம்மண்ணில் நெடுங்காலம் நடந்த வழக்கின் வரலாறே அது. இவ்விரண்டும் நம் குடியிருப்புப் பிள்ளைகளின் வாழ்வோடு தொடர்புடையவை.

பேராசிரியர் இல்லத்து வானொலி

மகாராஜா கல்லூரியில் உளநூற் பேராசிரியராக விளங்கியவர் எம். வி. கோபாலசாமி. இலண்டனில் அறிஞர் ஸ்பியர்மனிடம் பயின்று திரும்பிய அவர், 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளநூல் துறையைத் தொடங்கினார். மனித உள்ளத்தை ஆராய்ந்த அப்பெரியார்க்குக் கருவிகளிலும் பேரார்வம் இருந்தது. 1935ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், ஒண்டிகொப்பலில் 'விட்டல விகார்' என்னும் தம் இல்லத்திலிருந்து, 30 வாட் ஆற்றலுடைய சிறு கருவி ஒன்றைக்கொண்டு அவர் ஒலிபரப்பைத் தொடங்கினார். ஒரு சிறு மின்விளக்கை எரிப்பதற்குப் போதிய ஆற்றல்தான் அது. தில்லியில் அரசாங்க வானொலி நிலையம் 1936 ஜனவரியிலும், சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938 ஜூனிலுமே தொடங்கப்பெற்றன என்பதை நினைவிற் கொண்டால், இம்முயற்சியின் அருமை நன்கு விளங்கும்.

பின்னர் 250 வாட் கருவி ஒன்று வந்தது. நகர மக்களும் நகராட்சியும் துணை நின்றனர். 1940களின் தொடக்கத்தில் மைசூர் அரசு நிலையத்தை ஏற்றுக்கொண்டது. நாடு விடுதலை பெற்ற பின் அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. 1955இல் பெங்களூருக்குச் சென்றது. மைசூர் தன் நிலையத்தைத் திரும்பப் பெற்றது 1974இல்தான். ஊர் இழந்த வானொலி மீண்டுவர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

இந்நிலையத்தோடு பெயர் இணைந்த மற்றொருவர் நா. கஸ்தூரி. இவர் கேரள நாட்டில் பிறந்தவர். ஆசிரியப் பணிக்காக மைசூருக்கு வந்தவர். வந்த ஊரின் மொழியைக் கற்று, அம்மொழியிலேயே நகைச்சுவை எழுத்தாளராகப் புகழ் பெற்றவர். வானொலிப் பணியிலும் அவர் சிறந்து விளங்கினார். பிற மொழியாளர் ஒருவர் கன்னட நாட்டாரின் செவிக்கு விருந்தளிக்கக்கூடும் என்பதற்கு அவரினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஈண்டு நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் தம் இல்லத்தில் நடத்திய நிலையத்தில், பேசியவரும் பாடியவரும் பெரும்பாலும் அவர்க்கு அறிமுகமானவராகவே இருந்திருத்தல் இயல்பு. அதில் குற்றம் யாதும் இல்லை. ஆனால் நிலையம் அரசின் கைக்கு மாறி, பொதுமக்கள் பணத்தில் சம்பளம் பெறும் பதவிகள் அங்கே தோன்றிய பின், அறிமுகம் மட்டும் போதுமா என்ற கேள்வி எழுதல் வேண்டும். எழுந்தும் விட்டது. வானொலிக்காக மட்டும் எழுந்ததன்று. அதற்கு முன்னரே மைசூர் அரசு முழுமைக்கும் எழுந்த கேள்வி அது.

பதவி யாருக்கு?

1881இல் ஆங்கிலேயர் மைசூர் ஆட்சியை மன்னர் மரபினரிடம் திரும்ப ஒப்படைத்தபோது திவானாக அமர்ந்தவர் ரங்காசார்லு; அவர் செங்கற்பட்டு மாவட்டத்தினர். அவர்க்குப்பின் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுப் பகுதியினர். இருவரும் பேராற்றல் வாய்ந்தவர் என்பதில் ஐயமில்லை. சேஷாத்ரி ஐயர் காலத்தில் கால்கொண்ட சிவசமுத்திர மின்திட்டம் 1902இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வழங்கியது. ஆயினும் திவான்களோடு, சென்னை மாகாணத்திலிருந்து வந்த அதிகாரிகள் பலரும் உயர்ந்த இடங்களைப் பெற்றனர். 'மைசூர் மைசூராருக்கே' என்னும் குரல் எழுந்ததற்கு இதுவே காரணம்.

இவ்விடத்தில் தமிழராகிய நாம் நடுநிலையோடு நின்று பேச வேண்டும். அக்குரலில் நியாயம் இருந்தது. தம் ஊரில், தம் அரசில், தம் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று ஒரு மக்கள் கூட்டம் வருந்துமாயின், அவ்வருத்தத்தைப் பகை என்று கருதுதல் தகாது. அதே வேளையில் மற்றொன்றையும் மறத்தலாகாது. அம்மின்சாரம் சென்றடைந்த தங்கவயலில், மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான அடி ஆழம் இறங்கி உழைத்தோரில் மிகப் பலர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த ஏழைத் தமிழர். அவருள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டோர். ஆகவே, கதவுக்கு உள்ளே அமர்ந்த தமிழர் சிலர். வெளியே நின்ற தமிழர் பலர். 'நம்மவர்' என்று பொதுவாகச் சொல்லும்போது எவரை எண்ணிச் சொல்கின்றோம் என்பதை நாம் தெளிதல் வேண்டும்.

வெளியூரார் பற்றிய குறைக்குப்பின், பிராமணரல்லாத வகுப்பினர்க்குப் பதவிகளில் இடம் குறைவு என்னும் குறை 1918இல் மன்னர் முன் வைக்கப்பெற்றது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார், தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் குழு ஒன்றை அமைத்தார். ஏழாண்டுக்குள் உயர்பதவிகளில் பாதிக்குக் குறையாமலும், கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் பிராமணரல்லாத வகுப்பினர்க்கு வழங்க வேண்டும் என்று அக்குழு 1919இல் கூறியது. 1921இல் அரசு அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணை பிறந்ததும் அதே ஆண்டில்தான். அன்றைய திவான் விசுவேசுவரய்யா இவ்வழியை உடன்படவில்லை. 1918இலேயே பதவி துறந்தார். தகுதி குறையும் என்பது அவர் போன்றோரின் அச்சம். தகுதியை வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பே கிட்டாதாரைத் தகுதியில்லாதார் எனல் எவ்வாறு பொருந்தும் என்பது மறுதரப்பின் வினா. ஒரு நூற்றாண்டு கடந்தும் அவ்வழக்கு முற்றும் ஓய்ந்துவிடவில்லை.

வானொலியும் இக்குறையினின்று தப்பவில்லை. 'பழிக்கிடமான தனிவாழ்க்கை' உடையோர் பாடலாகாது என்று 1940களில் ஒரு கட்டுப்பாடு பிறந்து, இசையையே குலத்தொழிலாகக் கொண்ட பெண்மணிகள் பலர்க்கு நிலையத்தின் வாயிலை அடைத்தது. குரலைக் கேட்டு மதிப்பிட வேண்டிய இடத்திலே குலத்தைக் கேட்டார்கள்.

சட்டம் காட்டிய வழி

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 16ஆம் விதி, பொதுப்பணிகளில் குடிமக்கள் அனைவர்க்கும் சமவாய்ப்பு உண்டு என்று கூறிற்று. சமயம், இனம், சாதி, பால், மரபு, பிறந்த இடம், வாழும் இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி எவரையும் விலக்கலாகாது என்று விதித்தது. பின்தங்கிய வகுப்பினர்க்கு இடம் ஒதுக்கும் உரிமையையும் அரசுக்கு அளித்தது. இப்பட்டியலில் 'மொழி' இல்லை என்பதை நம் குடும்பத்தார் கருத்திற் கொள்ளல் நலம். இன்ன வேலைக்கு இன்ன மொழியறிவு வேண்டும் என்று கேட்கலாம். கன்னட நிகழ்ச்சியை அறிவிப்பவர்க்கு நல்ல கன்னடம் வேண்டும் என்பது நம்மை ஒதுக்கும் சூழ்ச்சியன்று. அவ்வேலையின் இயல்பே அது.

உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. வேலை காலியாக உள்ளது என்னும் செய்தி வீட்டுக்கு வந்து சேர வேண்டும். இதனையுணர்ந்தே, காலியிடங்களை வேலைவாய்ப்பகங்களுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று 1959இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேற்சென்றது. வேலைவாய்ப்பகத்தின் பட்டியலோடு நின்றுவிடாது செய்தித்தாள்களில் விளம்பரம் செய்ய வேண்டும். அலுவலக அறிவிப்புப் பலகையிலோ, வானொலி, தொலைக்காட்சி முதலியவற்றிலோ அறிவிக்கவும் வேண்டும் என்று அது கூறிற்று. பிறர்க்கு வேலைச் செய்தி சொல்லும் கருவியாக வானொலியே அங்கே குறிக்கப்பெற்றது எத்துணைப் பொருத்தம்!

அமெரிக்க நாட்டில் இது வானொலி நிலையங்களுக்கே உரிய விதியாயிற்று. கறுப்பின மக்களைப் புறக்கணித்த மிசிசிப்பி மாநில ஒளிபரப்பு நிலையம் ஒன்றின் உரிமத்தை எதிர்த்து, நேயர்களே வழக்காடினர். அவ்வாறு வழக்காட அவர்களுக்கு உரிமை உண்டு என்று 1966இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1969இல் நிலையங்கள் ஆள் அமர்த்துவதில் பாகுபாடு காட்டலாகாது என்னும் விதி பிறந்தது. இடையில் நீதிமன்றத் தீர்ப்பால் மாறுதல்கள் நேர்ந்து, இப்போதைய விதிகள் 2003 முதல் நடைமுறையில் உள்ளன. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ முழுநேரப் பணியாற்றும் நிலையம், காலியிடச் செய்தியைப் பரவலாக அறிவிக்க வேண்டும். பள்ளி கல்லூரிகளுக்குச் சென்று வானொலித் தொழிலைப் பற்றி எடுத்துரைத்தல், மாணவர்க்குப் பயிற்சியளித்தல் போன்ற பணிகளையும் செய்ய வேண்டும். செய்ததைப் பொதுமக்கள் பார்வைக்கு ஆண்டுதோறும் எழுதி வைக்கவும் வேண்டும். இத்தனை பேரை எடு என்று அவ்விதி கூறவில்லை. எல்லார் காதிலும் விழும்படி கூப்பிடு என்றே கூறுகின்றது.

மாணவர்க்குத் திறந்த வாயில்கள்

நம் நாட்டிலும் மாணவர்க்கு வானொலி வாயில் சிறிது சிறிதாகத் திறந்தது. 1969இல் தில்லியில் இளைஞர்க்கென 'யுவவாணி' தொடங்கப்பெற்றது. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம், நாட்டின் முதல் வளாக வானொலியைத் தொடங்கியது. 2006இல் மைய அரசு, தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று இசைவளித்தது. அத்தகைய நிலையத்தின் நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூரார் பங்கேற்புடன் உருவாதல் வேண்டும் என்பது விதி.

தமிழகத்துக்கு வெளியே வளர்ந்தோர்க்கு இது எட்டாக்கனி என்று எவரும் எண்ண வேண்டா. தில்லியிலிருந்து பல்லாண்டுகள் தமிழில் செய்தி வாசித்து, 2022இல் மறைந்த சரோஜ் நாராயணசுவாமி அவர்கள் மும்பையில் வளர்ந்தவர். கன்னட இலக்கியத்தில் ஞானபீடப் பரிசு பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டுமொழி தமிழ். ஒருவர் புலம்பெயர்ந்த மண்ணில் தமிழைக் காத்து அதனாலே உயர்ந்தார். மற்றவர் அம்மண்ணின் மொழியைத் தம் மொழியாக்கி உயர்ந்தார். நம் பிள்ளைகள் இரண்டையும் செய்யலாம்.

நம் குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். பட்டம் பெற்ற பெண் ஒருத்தி. கன்னடப் பள்ளியிற் பயின்றவள். வீட்டில் தமிழ் படித்தவள். நம் சங்க விழாக்களில் மேடை அறிவிப்பும் செய்தவள். பகுதிநேர அறிவிப்பாளர் வேண்டும் என்று ஒரு நிலையம் அறிவித்திருந்தது. எந்நிலையம் என்பது ஈண்டு வேண்டுவதன்று. விண்ணப்பம் செய்யும் கடைசி நாள் கழிந்து நான்கு நாட்களுக்குப் பின்னரே அச்செய்தி அவள் தந்தைக்குத் தெரிந்தது. எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் நடந்தன, தேறியவர் தேறினர். அவளை எவரும் விலக்கவில்லை. அவளை எவரும் அழைக்கவும் இல்லை. அத்தெருவில் வாழும் நம்முள் ஓரிருவர் அச்செய்தியை முன்னரே அறிந்திருந்தோம். நமக்குத் தேவையில்லை என்று வாளாவிருந்தோம். அக்குறையை வேறு எவர்மேல் சுமத்துவது?

சங்கம் செய்யத்தக்கது

ஆகவே, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே: சமவாய்ப்பு என்பது தேர்வு நடக்கும் நாளன்று தொடங்குவதன்று, செய்தி பரவும் நாளிலேயே தொடங்குவது. பிறர் நமக்கு அதனைச் செய்ய வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நாம் நமக்குள் அதனைச் செய்ய வேண்டிய கடமையும் உண்டு.

நம் சங்கக் கட்டடத்தின் முகப்பில், விழா அறிவிப்புகளுக்கு உள்ளது போன்றே, வேலைச் செய்திகளுக்கும் ஒரு பலகை அமைதல் வேண்டும். அலுவலகங்களில் பணியாற்றும் அன்பர்கள், காணும் அறிவிப்பைத் தம் வீட்டோடு நிறுத்தாது அப்பலகைக்கும் அனுப்புதல் வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும், உரிய இசைவு பெற்று, உயர்நிலை வகுப்பு மாணவரை வானொலி நிலையத்துக்கு அழைத்துச் செல்லலாம். ஒலிவாங்கியின் முன் பேசுவோர் மட்டுமே வானொலி ஆகார்; கருவி இயக்குவோரும், நிகழ்ச்சி வகுப்போரும், எழுதுவோரும், கணக்கு எழுதுவோரும் அங்கே உளர் என்பதைப் பிள்ளைகள் கண்ணாற் காண வேண்டும். மாடி வீட்டுப் பிள்ளையும் வரிசை வீட்டுப் பிள்ளையும் ஒரே வண்டியில் செல்ல வேண்டும் என்பது இதில் முதன்மையானது. அழைப்பிலேயே வேற்றுமை காட்டிவிட்டு, பிறரிடம் சமவாய்ப்புக் கேட்க நமக்கு நாவெழாது.

கோபாலசாமியின் இல்லத்தில் எழுந்த 30 வாட் ஒலி, நாடெங்கும் வழங்கும் பெயராக வளர்ந்தது. நம் சங்கத்தின் ஒரு சிறு பலகையும், ஆண்டுக்கொரு பயணமும் எவ்வளவு வளரும் என்பதை அடுத்துவரும் மலர்கள் கூறட்டும். அம்மலர்களில் ஒன்றில், செய்தி உரிய நாளில் வந்து சேர்ந்ததனால் வேலை பெற்ற நம் குடியிருப்புப் பிள்ளை ஒருவர் எழுதும் கட்டுரையை நாம் அனைவரும் மகிழ்ந்து படிக்கும் நாள் வருவதாக!