ஒளிப்படத் தெளிவின்மையில் நோக்கமும் தற்செயலும்: பாபநாசம் அருவியும் கேமரூனின் இலங்கைப் படங்களும்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் பாறைகளினூடே அருவியாக விழுகிறது. 1792இல் தென்னாட்டுப் பயணத்தின்போது அங்கு வந்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் அவ்வருவியை வரைந்தனர். அவர்களின் 'ஓரியண்டல் சீனரி' வரிசையில் அக்காட்சி அச்சேறியது. நீரின் எவ்விழையைத் தீட்டுவது, எதனைப் புகையாக விடுவது என்பவை ஓவியர் எடுத்த முடிவுகள். ஒளிப்படத்திற்கு இவ்வுரிமை எளிதில் கிட்டவில்லை. 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், தகடு ஒளியை வாங்கப் பல நொடிகள் தேவைப்பட்டன. அத்தகட்டுடன் பாபநாசத்து அருவியின்முன் எவர் நின்றிருப்பினும் பாறை கூர்மையாகவும் நீர் வெண்துகிலாகவும் பதிந்திருக்கும். இன்று வேண்டுமென்றே பெறப்படும் அத்துகில், அன்று வேதியியலின் விளைவு. எனவே, தெளிவின்மையை மட்டும் கண்டு கலைஞரின் நோக்கத்தை ஊகித்தல் பொருந்தாது.

இச்சிக்கலுக்குத் தக்க சான்று ஜூலியா மார்கரெட் கேமரூன். 1815இல் கல்கத்தாவில் பிறந்த அவர், 48ஆம் வயதில், மகளும் மருமகனும் அளித்த கருவியைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கினார். தம் முதல் மென்குவியப் படங்கள் தற்செயலாக அமைந்தவை என்று 1874இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் அவரே ஒப்புகிறார். ஆயின், குவியத்தைத் திருத்திவரும்போது கண்ணுக்கு அழகெனப் பட்ட இடத்திலேயே நிறுத்திக்கொண்டதாகவும் அங்கேயே கூறுகிறார். அவரைத் தொழில்நுட்பம் அறியாதவர் எனக் கண்டித்த சமகால ஒளிப்பட இதழ்கள், இந்த நிறுத்தத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. வாக்குமூலத்தினும் வலிய சான்று கருவியில் உள்ளது. தொடக்ககால வில்லையின் குறைபாடுகள் மென்மைக்குத் துணைநின்றன. 1866இல் பெரிய தகடுகளுக்கேற்ற டால்மேயர் வில்லைக்கு மாறிய பின்னரும் மென்மை நீடித்தது. குறை கருவியுடையதாயின், கருவியோடு அது நீங்கியிருத்தல் வேண்டும். பெரிய தகட்டில் கூர்மை கொள்ளும் ஆழம் குறையும் என்பது உண்மையே. ஆனால் அத்தகட்டைத் தெரிந்தெடுத்தவரும் அவரே.

1875இல் கேமரூன் இலங்கை சென்றார். 1879இல் அங்கேயே மறைந்தார். அங்கு எடுத்த படங்களுள் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. அவர்முன் அமர்ந்தோருள் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் உண்டு. திருநெல்வேலி உள்ளிட்ட தென்மாவட்டத்தார் காப்பித் தோட்டங்களுக்குக் கடல் கடந்த காலம் அது. டென்னிசனையும் ஹெர்ஷலையும் எடுத்த படங்கள் அவர்தம் பெயர்களால் வழங்க, இவர்களோ 'களுத்துறைக் குடியானவர்' போன்ற பொதுத் தலைப்புகளுக்குள் அடங்கினர்.

நோக்கமா தற்செயலா என்னும் விவாதம் படமெடுத்தவரை மட்டுமே வினவுகிறது. சில நிமிடங்கள்வரை அசையாதிருக்கப் பணிக்கப்பட்டவரின் மூச்சும் இமைப்பும் தகட்டில் பதிகின்றன; இதில் படமெடுத்தவரின் நோக்கம் இல்லை, வெறும் தற்செயலும் இல்லை. இரண்டையும் ஓரளவு பிரித்தறிய முடியும். குவியம் தவறிய மென்மை, தொலைவைப் பொறுத்தது. ஒரே தொலைவிலுள்ள தோளும் சேலை மடிப்பும் ஒரே அளவில் கலங்கும். அசைவின் கலங்கல் ஒருபக்கமாக இழுபடும். மடிப்பு கூர்மையாக இருக்க, அதன்மீது வைத்த விரல்கள் மட்டும் இரட்டை விளிம்பு பெறும். இலங்கைப் படங்களின் மூலப் படிகளை இவ்வாறு பகுதி பகுதியாக ஒப்பிட்டால், கேமரூன் குவியத்தை நிறுத்திய இடமும் அமர்ந்தவர் அசைந்த இடமும் தனித்தனியே புலப்படும்.