கோட்டைக்காரன் யார் பக்கம்?

எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ரஞ்சன்குடி கோட்டை புதிதல்ல. திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் பேருந்து ஜன்னலில் தெரிவதுதான். அங்கே 1751-இல் ஒரு சண்டை நடந்தது என்று வகுப்பில் சொன்னேன். பிரெஞ்சுக்காரர் ஒரு பக்கம், இங்கிலீஷ்காரர் ஒரு பக்கம், நடுவில் இரண்டு நவாபுகள். பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: “அப்ப நம்ம ஊர்க்காரங்க யார் பக்கம் சார்?”

பாடநூலில் அதற்கு விடை இல்லை. இரண்டாம் கர்நாடகப் போர் என்றால் ஆம்பூரில் அன்வருதீன் கொல்லப்பட்டது (1749), ஆற்காட்டைக் கிளைவ் பிடித்தது (1751), சந்தா சாகிபின் தலை போனது (1752) என்று மூன்று வரியில் முடிந்துவிடும். சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுத் துணை. திருச்சிக் கோட்டைக்குள் இருந்த முகம்மது அலிக்கு இங்கிலீஷ் துணை. இடையில் நம் ஊர் வருவதே இல்லை. தேடிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதல் சிக்கல், பெயர். பழைய ஆங்கில நூல்களின் பெயரடைவில் ரஞ்சன்குடியைத் தேடிச் சலித்தேன். ராபர்ட் ஓர்ம் 1763-இல் வெளியிட்ட போர் வரலாற்றில் ‘வோல்கொண்டா’ என்று ஓர் ஊர் வருகிறது. பாறைமேல் கோட்டை, அடியிலிருந்து உச்சிவரை மூன்று சுற்று மதில், கீழே சமதரையில் கல்கோட்டை, அதை ஒட்டி மண்சுவர் சூழ்ந்த பேட்டை என்று வர்ணனை. படித்ததும் பிடி கிடைத்தது. பக்கத்து வாலிகண்டபுரத்தின் பெயரைத்தான் வெள்ளைக்காரர் இந்தக் கோட்டைக்கும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல், அலுவலகம். 1751 என்றதும் சென்னை ஜார்ஜ் கோட்டைப் பதிவுகளில்தான் கை போகும். அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும் கம்பெனியின் தலைமையிடம் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போனது. 1749-இல் சென்னை திரும்பக் கிடைத்தும், தலைமையிடம் 1752 வரை அங்கேயே இருந்தது. ஆக, வாலிகண்டபுரத்துக்குப் படை அனுப்பிய முடிவைத் தேட வேண்டியது கடலூர்க் கட்டில்.

மூன்றாவது சிக்கல், தேதி. இதே கோட்டையடியில் 1752-இல் தொத்தேய் என்ற பிரெஞ்சுத் தளபதி கிளைவிடம் சரணடைந்தார். ஒரு நூல் மே மாதக் கடைசி என்கிறது, இன்னொன்று ஜூன் முற்பகுதி என்கிறது. இரண்டும் சரி. இங்கிலீஷ்காரர் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் கிரிகோரியனில் இருந்தார்கள். நடுவே பதினொரு நாள் இடைவெளி. நம்மவர் கணக்கில் 1751 சித்திரையில் பிறந்தது பிரசோற்பத்தி வருஷம். ஒரே சண்டைக்கு மூன்று தேதி எழுதலாம் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அடுத்து சாட்சிகள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார்; களத்துச் செய்தி தபால்காரர் வாயாகவும் கடிதமாகவும்தான் அவருக்கு எட்டும். முகம்மது அலியின் ஆதரவில் புர்ஹான் பாரசீகத்தில் எழுதிய ‘துசுக்-இ-வாலாஜாஹி’ எசமான் புகழ் பாடும் வரலாறு. ஓர்ம் கிளைவின் நண்பர். 1754-இல்தான் சென்னைக் கவுன்சிலுக்கு வந்தவர். மூவரில் ஒருவரும் அன்று இந்தப் பாறையடியில் நிற்கவில்லை.

ஆனாலும் ஓர்ம் சொல்வதில் ஒரு பகுதியை நான் நம்புகிறேன். கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையில் வந்த இங்கிலீஷ் படை கோட்டையைக் கேட்கிறது. சந்தா சாகிபும் கேட்கிறார். கோட்டைக்காரன் இருவருக்கும் பிடிகொடுக்காமல் பேசிக்கொண்டே நாளை ஓட்டுகிறான். பொறுமையிழந்த இங்கிலீஷ் தரப்பு பேட்டைக்குத் தீ வைக்கிறது, கோட்டை விழவில்லை. பிறகு சந்தா சாகிபின் படையோடு மோதியபோது ஐரோப்பியச் சிப்பாய்கள் பீதியில் ஓடுகிறார்கள். படைக்குச் சரக்கு சேர்க்கும் பொறுப்பில் வந்திருந்த கிளைவும் மற்ற அதிகாரிகளும் தடுத்தும் நிற்கவில்லை. இறந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் களத்திலிருந்து தூக்கி வந்தது ஆப்பிரிக்கக் காப்பிரிப் படைப்பிரிவு. தன் நாட்டார் மானம் போகும் செய்தியை அந்நாட்டு வரலாற்றாசிரியனே எழுதுகிறான் என்றால், இட்டுக்கட்ட அவனுக்குக் காரணம் இல்லை. தன் பக்கத்தைப் புகழும் வரியைவிடத் தன் பக்கத்தைக் குத்தும் வரிக்கு எடை அதிகம். மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் விதி இதுதான்.

இரண்டாவது விதியை அவர்களே கண்டுபிடித்தார்கள். வகுப்பை மூன்றாகப் பிரித்து, ஆளுக்கொரு தரப்பைக் கொடுத்தேன். யார் சரி என்று வாதாட விடவில்லை. எழுதியவர் யார், எங்கே இருந்தார், யார் சம்பளம் வாங்கினார், எத்தனை ஆண்டு கழித்து எழுதினார் என்று நான்கு கட்டம் போட்டு நிரப்பச் சொன்னேன். நிரப்பியதும் ஒரு மாணவி சொன்னாள்: “சார், பேட்டை எரிஞ்சதுன்னு இருக்கு. பேட்டையில இருந்தவங்க எழுதினது ஒண்ணுமே இல்லையே?”

பின்பெஞ்சுப் பையனின் கேள்விக்குக் கிட்டத்தட்ட அதுதான் விடை. கோட்டைக்காரன் எந்தப் பக்கமும் சேராமல் காத்திருந்தான். இழுத்துப் பேச அவனுக்கு மதில் இருந்தது. மண்சுவருக்குள் இருந்தவர்களிடம் யாரும் பக்கம் கேட்கவில்லை. இரண்டு நவாபுகளுக்கும் அவர்கள் வரி கொடுக்க வேண்டிய குடிகள். இரண்டு கம்பெனிகளுக்கும் வழியில் இருந்த வீடுகள்.

போரைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள் ‘நம் பக்கம் எது’ என்பதிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் முடிவு. ‘இதை எழுதியவன் எங்கே நின்றான்’ என்பதிலிருந்து தொடங்குங்கள். கடைசியில் ‘எழுதாமல் போனவன் எங்கே நின்றான்’ என்பதற்குப் பிள்ளைகள் தாமே வந்து சேருவார்கள். ரஞ்சன்குடிக்குக் கூட்டிப் போனால் நேரே உச்சிக்கு ஏறிவிடாதீர்கள். கீழே, மதிலுக்கு வெளியே, பேட்டை இருந்த சமதரையில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு ஏறுங்கள்.