யாரை யாரோடு ஓட விடுவது? விண்ட்சர்ஃபிங்கும் எடைத்தராசும்

எங்கள் பக்கத்து ஊர்களில் கபடிப் போட்டி நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். மேலே சாமி படம், கீழே பரிசுத் தொகை, நடுவில் பெரிய எழுத்தில் "55 கிலோ எடைப்பிரிவு". ஆட்டத்துக்கு முன் தராசில் ஏறி நிற்க வேண்டும். பள்ளியில் படிக்கும்போது ஒரு தடவை 400 கிராம் கூடுதலாக இருந்து, மதியம் சாப்பிடாமல் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி எடையைச் சரிக்கட்டினேன். முதல் ரெய்டிலேயே அவுட் என்பது வேறு விஷயம் :-)

கடலே இல்லாத நாமக்கல்காரனுக்கு விண்ட்சர்ஃபிங் எதற்கு என்று கேட்பீர்கள். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவின் இபாத் அலி ஆண்கள் விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வாங்கினார். அவர் ஓட்டியது ஆர்.எஸ்.எக்ஸ் என்ற பலகை. அந்தப் பலகை டோக்கியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றுவிட்டது! அடுத்த ஒலிம்பிக்குக்கான ஐக்யூஃபாயில் பலகைக்கும் அதே ஹாங்சோவில் தனிப் போட்டி இருந்தது. ஒரே விளையாட்டுக்கு ஏன் இரண்டு பிரிவு என்று தேடப் போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது.

விண்ட்சர்ஃபிங் என்றால் ஒரு பலகை, அதன்மேல் எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஒரு பாய்மரம், அதைக் கையால் பிடித்தபடி நிற்கும் ஆள். அவ்வளவுதான். படகில் கனம் பல பேருக்குப் பங்காகும். இங்கே ஓட்டுபவரின் உடம்புதான் பாதி இயந்திரம். காற்று மெதுவாக வீசினால் ஒல்லியானவரின் பலகை சீக்கிரம் நகரும். பலமாக வீசினால் கனமானவர்தான் பாயை இழுத்துப் பிடித்து நிற்க முடியும். ஆக, எல்லோருக்கும் ஒரே பலகை, ஒரே பாய் என்று கொடுத்துவிட்டால் சமம் ஆகிவிடாது. அன்றைய காற்று யாருக்குச் சாதகமோ அவர் பாடு கொண்டாட்டம்.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் தொடக்க கால ஆட்களேதான். கலிஃபோர்னியாவில் ஹாயில் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் வடிவமைத்த பலகைக்கு 1970-ல் காப்புரிமை கிடைத்தது. (அதற்கு முன்பே 1958-ல் இங்கிலாந்தில் பீட்டர் சில்வர்ஸ் என்ற சிறுவன் இப்படி ஒன்றைச் செய்திருந்தான் என்று பின்னால் கோர்ட்டில் வழக்கே நடந்தது. வணிகச் சட்டம் பேப்பருக்குப் படிக்க நல்ல கேஸ்.) "விண்ட்சர்ஃபர்" என்ற அந்தப் பலகையின் போட்டிகளில் எல்லோருக்கும் பலகை ஒன்றே. ஆனால் ஆட்களை எடை பார்த்து லைட், மீடியம், ஹெவி என்று பிரித்தார்கள். நம் கபடி மாதிரியேதான். 1976-ல் பஹாமாஸில் நடந்த உலகப் போட்டியை வென்ற ராபி நாய்ஷுக்கு அப்போது வயது 13!

ஒலிம்பிக் வந்ததும் தராசு காணாமல் போனது. 1984 லாஸ் ஏஞ்சலீஸில் விண்ட்சர்ஃபிங்குக்குக் கொடுத்தது ஒரே ஒரு தங்கம். விண்ட்கிளைடர் என்ற பலகை, ஒரே பிரிவு. நெதர்லாந்தின் ஸ்டீபன் வான் டென் பெர்க் ஜெயித்தார். பாக்ஸிங், பளு தூக்குதலுக்கு எடைவாரியாக வரிசையாகப் பதக்கம் உண்டு, இதற்குக் கிடையாது. மொத்தப் பதக்கத்தை எண்ணித்தான் கொடுப்பார்கள், பாய்மரப் படகுகளுக்கே அதில் அடிதடி. பங்கு கம்மியாக இருந்தால் பிரிவும் கம்மி, காமர்ஸ் படிப்பவனுக்கு இது புரியாதா என்ன?

பெண்களுக்குத் தனிப் பிரிவு வரவே 1992 பார்சிலோனா வரை ஆனது. அதை வென்றவர் நியூசிலாந்தின் பார்பரா கெண்டல். அவருடைய அண்ணன் புரூஸ் கெண்டல் அதற்கு முந்தைய 1988 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். நான்கே வருஷம்தான் இடைவெளி, ஆனால் 1988-ல் பார்பரா போட்டியிட அப்படி ஒரு பிரிவே இல்லை. 1996-ல் ஹாங்காங்குக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கிக் கொடுத்தவரும் ஒரு விண்ட்சர்ஃபிங் வீராங்கனைதான், லீ லாய் ஷான். பிரிவைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்தப் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

2008-ல் வந்த ஆர்.எஸ்.எக்ஸில் ஆண்களுக்கு 9.5 சதுர மீட்டர் பாய், பெண்களுக்கு 8.5. ஆணா பெண்ணா என்று பார்த்துப் பாயை மாற்றினார்கள், எடையைப் பற்றிப் பேச்சில்லை. அந்தப் பலகை கொஞ்சம் ஒல்லியான, மூச்சு வாங்காமல் பாயை ஆட்டிக்கொண்டே இருக்கக்கூடிய உடம்பைக் கேட்டது. 2024 பாரிஸுக்கு வந்த ஐக்யூஃபாயில் தலைகீழ். அடியில் இறக்கை வைத்து, பலகையே தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்கும். அந்த வேகத்தில் பாயை எதிர்த்துச் சாய்ந்து நிற்கக் கனம் வேண்டும். பழைய ஆட்கள் சிலர் சாப்பிட்டுச் சாப்பிட்டு எடை ஏற்ற வேண்டியதாயிற்று. பட்டினி கிடந்து ஓடிய எனக்கு இதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது. ஆனால் யோசித்தால் கொடுமை. பத்து வருஷம் ஒரு பலகைக்காக வளர்த்த உடம்பு, பலகையை மாற்றும் ஒரே தீர்மானத்தில் தப்பான உடம்பாகிவிடுகிறது. ஹாங்சோவில் பழைய பலகைக்கும் ஒரு இடம் விட்டு வைத்ததால்தான் நமக்கு அந்த வெண்கலம்.

பாரிஸில் (பந்தயம் நடந்தது மார்செய் கடலில்) இன்னொரு வகைப் பிரிப்பும் இருந்தது. முதல் சுற்றுப் பந்தயங்களில் முதலில் வந்தவர் நேராக ஃபைனலுக்கு, அடுத்த இருவர் செமிஃபைனலுக்கு, மீதி ஏழு பேர் கால் இறுதிக்கு. பிரிட்டனின் எம்மா வில்சன் முதல் சுற்றில் எல்லோரையும் விட ரொம்ப முன்னால் இருந்தார். ஃபைனலுக்கு வந்த மூன்று பேரும் பழைய புள்ளிகள் இல்லாமல் ஒரே ஓட்டம் ஓட, அவருக்குக் கிடைத்தது வெண்கலம். தங்கம் இத்தாலியின் மார்த்தா மஜெட்டிக்கு. வருஷம் முழுக்க இன்டர்னல் மார்க்கில் முதலாவதாக வந்தவளிடம், கடைசிப் பரீட்சை ஒன்றுதான் கணக்கு என்று சொன்ன மாதிரி. பார்ப்பவர்களுக்கு விறுவிறுப்பு, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

இதற்கிடையே அந்தப் பழைய விண்ட்சர்ஃபர் பலகையை "விண்ட்சர்ஃபர் எல்டி" என்ற பெயரில் மறுபடி தயாரித்துப் பந்தயம் விடுகிறார்கள். ஒலிம்பிக்கோடு சம்பந்தமில்லை. பதக்கம் எத்தனை என்று மேலே கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கரையில் தராசு வைத்து, எடை பார்த்துத்தான் பிரிக்கிறார்கள்.