முல்லைவாயிலைத் தேடிய கதை

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயில் சுந்தரரின் பதிகம் பெற்ற தலம். ஆயினும் சீர் பிரித்த ஏழாம் திருமுறைக் கோப்பில், கட்டளைவரியிலிருந்து ‘கிரெப்’ என்னும் நிரலைக் கொண்டு ‘திருமுல்லைவாயில்’ என்று தேடினால் அப்பதிகம் அகப்படாது. இல்லாத ஊரா அது?

கிரெப் பிறந்ததே இலக்கிய ஆராய்ச்சிக்காகத்தான் என்றால் நண்பர்கள் பலர் நம்புவதில்லை. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் லீ மக்மஹோன் என்பவர், 1787-88இல் வெளிவந்த ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகள் எண்பத்தைந்தில் எது எவர் எழுதியது எனச் சொல்லாட்சி கொண்டு ஆராய முனைந்தார். அன்றைய ‘எட்’ தொகுப்பியால் அவ்வளவு பெரிய கோப்பைத் தாங்க இயலவில்லை. கென் தாம்சன் அதன் தேடும் பகுதியை மட்டும் பிரித்துத் தனி நிரலாக்கித் தந்தார். இதனைப் பதிவு செய்திருப்பவர் அவருடைய சகாவான பிரையன் கெர்னிகன்.

தமிழில் தேடுவதற்குக் கோப்புகள் வேண்டுமே! 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டம் அவற்றைத் தந்தது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்கள் முதலில் பல்வேறு எழுத்துருக்களிலும், பின்னர் தகுதரக் குறியேற்றத்திலும், அதன்பின் யூனிகோடிலும் வந்தன. தகுதரத்தில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் பின்னால் நிற்கும். ஒரு முறையில் தட்டிய சொல் மற்றதில் சிக்காது.

குறியேற்றம் ஒன்றானாலும் யாப்பு விடுவதில்லை. சுந்தரர் விளிக்குமிடத்தில் ‘திரு’ முந்தைய சீரோடு ஒட்டிக்கொள்கிறது. எஞ்சியது ‘முல்லை வாயிலாய்’ என நிற்கிறது. கிரெப்புக்கு இடைவெளியும் ஓர் எழுத்தே. ‘முல்லை வாயில்’ என்று இடம் விட்டுத் தேடினாலும் பயனில்லை. ‘வாயிலாய்’ என்பதில் லகரத்தின் மேல் புள்ளி இல்லை. வேடிக்கை என்னவெனில், அத்தேடலுக்கு இரண்டாம் திருமுறை விடை தரும். ஆனால் அது சம்பந்தர் பாடிய, சீகாழிக்கு அருகிலுள்ள தென்திருமுல்லைவாயில்!

புள்ளியைக் களைந்து ‘முல்லை *வாயில’ எனக் கொடுத்தால் இரண்டு ஊர்களும் வரும். புணர்ச்சியில் ‘வாயிற்’ என்று திரிந்தால் அதற்கு வேறொரு தேடல் வேண்டும். “இச்சொல் தேவாரத்திலேயே இல்லை” என்று ஒரே தேடலில் தீர்ப்புரைப்போரிடம் நாம் கேட்பது, எந்த வடிவத்தைத் தேடினீர்கள் என்பதே.

வடக்கு எது, தெற்கு எது என்பதைக் கோப்பு சொல்லாது. பதிவுத்துறையில் பணியாற்றிய வ. சு. செங்கல்வராய பிள்ளை தம் ‘தேவார ஒளிநெறி’க்காகச் சொற்களைப் பொருள்வாரியாகத் திரட்டியபோது, கணினி இல்லை, பாடல்களைப் படித்தே பிரித்தார்.