மைஹர் வாத்திய கோஷ்டி

விந்தியப் பகுதியிலுள்ள மைஹர், முன்பு ஒரு சிறு சமஸ்தானம். 1918-ஆம் ஆண்டின் கொள்ளைநோய் அங்கே பல குழந்தைகளை அநாதைகளாக்கியது. வங்கத்தில் பிறந்து அவ்வூர் அரண்மனை வித்துவானாக விளங்கிய உஸ்தாத் அலாவுதீன் கான், அச்சிறார்களைத் திரட்டி, பல வாத்தியங்களைப் பயிற்றுவித்து, ஓர் இசைக்குழுவை அமைத்தார். துப்பாக்கிக் குழல்களைக் கொண்டு ‘நல்தரங்’ என்னும் புதிய வாத்தியத்தையும் படைத்தார். கொல்லும் கருவி இன்னிசை பொழிந்தது!

பிற்காலத்தில் ரவிசங்கர், அலி அக்பர் கான் ஆகியோரும் அவரிடமே பயின்று உலகப்புகழ் எய்தினர். சமஸ்தான ஆட்சி மறைந்தது. ஆசானும் 1972-இல் மறைந்தார். ஆயினும், அநாதைச் சிறார் தொடங்கிய வாத்திய கோஷ்டி தலைமுறை கடந்து நிலைத்தது.

பிறந்த மண்ணைப் பிரிந்து வந்தவர், வந்த ஊரின் குழந்தைகளைத் தம் குழந்தைகளாகக் கருதினார். வெளியூரில் வாழும் நாமும் போற்றத்தக்க நெறி இதுவன்றோ?